இரவல் ரத்தம்

அத்தியாயம் 4

கணக்கு டீச்சர் தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேடம் தன் காபியை இரண்டு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரோட ஷூ. உள்ள கை விட்டுப் பாருங்க."

மேடம் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் எனக்குச் சம்பளம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கை விட்டேன். கட்டைவிரல் போய் முட்டும் இடத்தில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் இளஞ்சிவப்பில் ஏழு மாத்திரைகள்.

"ரெப், என்ன மாத்திரை இது?"

என் பெயர் ரெப் இல்லை. மூன்று வருடம் ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப்பாக டை கட்டிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்தவன். வேலை போய்விட்டது, அந்தப் பெயர் மட்டும் போக மறுத்துவிட்டது. அதே சமயத்தில் தலைமுடியும் போனது. இன்றைக்குப் பலர் அதைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

"ரத்தம் உறையாம இருக்கறதுக்கு, மேடம். இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சவங்களுக்குக் கொடுப்பாங்க. ஒரு நாள் மறந்தாலே டாக்டர் கத்துவார். ஏழு நாள்னா..."

டீச்சரின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினேன்.

"நாலு மாசம் முன்னாடி ஸ்டென்ட் வெச்சாங்க," என்றார் டீச்சர். "ஒரு வருஷத்துக்கு இதை நிறுத்தவே கூடாது, நிறுத்தினா உள்ள அடைச்சுக்கும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். ஞாயித்துக்கிழமை ஆனா வாரத்துக்கும் சேர்த்து நான்தான் டப்பால எடுத்து வெக்கறேன். தினமும் டப்பா காலியாயிடுது. மத்த மாத்திரையெல்லாம் வயித்துக்குள்ள போயிருக்கு, இது மட்டும் ஷூவுக்குள்ள போயிருக்கு. இன்னிக்குக் காலையில அலமாரியை ஒதுக்கறப்பதான் பார்த்தேன்."

"அவர் இப்ப எங்க?"

"தெரிஞ்சா இங்க எதுக்கு வரேன்? சலூன் வெச்சிருக்கார். சலூன்காரங்களுக்கு ரெண்டு நாள் பயிற்சின்னு சொல்லிட்டு ஆறு மணிக்கே கிளம்பிட்டார். போன் அணைஞ்சு கிடக்கு. சங்கத்துல கேட்டா அப்படி எதுவும் இல்லைங்கறாங்க."

சுவர்க் கடிகாரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளைத் தப்புத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் பென்சிலை எடுத்தார். இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறப்பதற்குமுன் இருபத்திரண்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்து, செத்துப்போனதாகக் கணக்குக் காட்டிய நான்கு பேரை உயிரோடு பிடித்துவந்தவர் அவர். அந்த நால்வரின் குடும்பங்களும் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

"சமீபத்துல அவர்கிட்ட ஏதாவது மாறியிருக்கா டீச்சர்?"

"எல்லாமே மாறியிருக்கு. இருபது வருஷமா டீ-ஷர்ட்தான் போடுவார். இப்ப முன்னாடி பட்டன் வெச்ச சட்டையா அஞ்சு வாங்கி வெச்சிருக்கார். கழுத்துல மாட்டிக்கிற தலையணை ஒண்ணு வந்திருக்கு. பஸ்ல பக்கத்து ஊருக்குப் போறதுக்கே அலுத்துக்கிற மனுஷன். நெஞ்சு வலி வந்து பயமுறுத்தினப்பகூட விடாத சிகரெட்டை ரெண்டு வாரமா தொடல. காதோரம் மிச்சம் இருக்கிற முடிக்கு டை அடிக்கறதையும் நிறுத்திட்டார்."

"சாமியாராகப் போறார்," என்றேன்.

"சாமியார் அஞ்சு சட்டை வாங்க மாட்டார்," என்றார் மேடம்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நான் என்ன நினைச்சேன்னா... வெளியில ஏதாவது பொண்ணு..."

"பொண்ணுன்னா டை அடிக்க ஆரம்பிப்பாங்க டீச்சர், நிறுத்த மாட்டாங்க." மேடம் பென்சிலால் மேஜையைத் தட்டினார். "சட்டையில எதுக்குப் பட்டன்? தலை வழியா எதையும் இழுக்கக் கூடாது. எதுக்குக் கழுத்துத் தலையணை? பின்மண்டை எதுலயும் உரசக் கூடாது. டை வேண்டாம், சிகரெட் வேண்டாம், ரத்தம் சீக்கிரம் நிக்கணும்னு இந்த மாத்திரையும் வேண்டாம். உங்க வீட்டுக்காரருக்கு முடி எப்படி?"

டீச்சர் என் தலையை ஒரு முறை அளந்தார். "இவரைவிடக் கொஞ்சம் தேவலாம்."

"அப்ப ஹேர் டிரான்ஸ்பிளான்ட்தான்."

டீச்சர் சிரித்துவிட்டார். பெண் விவகாரம் இல்லை என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. அது பாதி வழியிலேயே நின்றது. அவர் பார்வை அந்த ஏழு மாத்திரைகளின்மேல் விழுந்தது.

"ஸ்டென்ட் வெச்சு நாலு மாசம்தானே ஆகுது. எந்த டாக்டர் ஒத்துப்பார்?"

"தெரிஞ்சா எவரும் ஒத்துக்க மாட்டார்," என்றார் மேடம். "ரெப், இந்த ஊர்ல முடி நடற இடம் எத்தனை?"

"முப்பத்தி நாலு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு நண்பனுக்காக விசாரிச்சேன்," என்றேன்.

முப்பத்தி நாலு இடத்துக்கும் போன் போட்டால் முப்பத்தி நாலு பேரும் நோயாளியின் ரகசியம் என்று கதவைச் சாத்துவார்கள். மேடம் அதை யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தமும் ஈசிஜியும் கேப்பாங்க. இவரோட ஈசிஜியை எடுத்தா காகிதமே காட்டிக் கொடுத்துடும். அப்ப வேற யாரோடதையோ கொடுத்திருக்கணும். டீச்சர், இந்த ரெண்டு வாரத்துல அவர் யார்கிட்டயாவது திடீர்னு பாசமா நடந்துகிட்டாரா?"

டீச்சர் யோசிக்கவே இல்லை. "என் தம்பிகிட்ட! எங்ககூடத்தான் இருக்கான். ஜிம்ல கோச். பன்னண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். போன வாரம் இவரே அவனை உக்கார வெச்சு முடி வெட்டி விட்டார். திங்கக்கிழமை விடிஞ்சும் விடியாம ஸ்கூட்டர்ல பின்னாடி ஏத்திக்கிட்டு எங்கயோ போனார். அவன் எழுந்த உடனே ஆறு முட்டை சாப்பிடுவான். அன்னிக்குத் தொடவே இல்ல. நான்கூட நாள் முழுக்க அதே யோசனையா இருந்தேன்."

மேடம் கார் சாவியை என்னிடம் வீசினார். "வெறும் வயித்துல ரத்தம் கொடுத்திருக்கான். கிளம்புங்க."

*

ஜிம்மில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. டீச்சரின் தம்பி, அதாவது எங்கள் பயில்வான், நான்கு பேரை வரிசையாக உட்கார்ந்து எழ வைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயது, கதவை அடைக்கிற தோள், பனியனில் 'வலிதான் வளர்ச்சி' என்று எழுதியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் அந்தத் தோள் பாதியாகச் சுருங்கியது.

"கையை நீட்டுடா."

நீட்டினார். முழங்கையின் உள்பக்கம் ஊசி ஏறிய இடத்தில் நீலம் பாரித்து, பழுத்து, மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"யார் பேர்ல ரத்தம் கொடுத்தே?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கையிலிருந்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்துக் கொஞ்சம் நேரம் வாங்கப் பார்த்தார். அக்கா பாட்டிலைப் பிடுங்கினார்.

"மாமா பேர்லதான்க்கா. லேப்ல முகத்தை யாரும் பாக்கல, பேரைத்தான் கேட்டாங்க. 'உனக்குக் குதிரை மாதிரி உடம்பு மச்சான், பத்து நிமிஷ வேலை'ன்னார். ஈசிஜியும் நான்தான் எடுத்துக்கிட்டேன்."

"அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் இருக்குன்னு உனக்குத் தெரியாது?"

"சும்மா முடிதானேன்னு சொன்னார்க்கா." தலையைக் குனிந்துகொண்டார். "பன்னண்டு வருஷத்துல என் உடம்பைப் பத்தி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்னிக்குத்தான்."

டீச்சர் திட்ட வாயைத் திறந்தார். மேடம் குறுக்கிட்டார்.

"எந்த கிளினிக்? எத்தனை மணிக்கு?"

"ரயில்வே பாலத்துக்கு அந்தப் பக்கம், மூணாவது மாடி. பத்தரைக்கு மரத்துப்போற ஊசி போடுவாங்கன்னார்."

மணி ஒன்பது ஐம்பது.

*

மேடத்தின் கார் அவரைவிட நான்கு வயதுதான் இளையது. அதைப் பாலத்தின்மேல் ஏற்றுவதற்குள் பயில்வான் பின்சீட்டிலிருந்து என் தோளைத் தொட்டார்.

"பாஸ், அந்தப் பெட்ரோல் பங்க்ல ஒரு நிமிஷம்."

"எதுக்கு?"

சுண்டுவிரலைக் காட்டினார்.

"கிளம்பறப்பதானேடா போனே!" டீச்சர் வெடித்தார். "அங்க உங்க மாமா தலையில ஊசி ஏத்தப் போறாங்க, உனக்கு இப்பதான் அவசரமா?"

அவசரம் தம்பிக்குத்தான், அக்காவின் திட்டுக்கு அதை நிறுத்தும் சக்தி இல்லை. நிறுத்தினேன். ஓடிப்போய்த் திரும்பி வரும்போது கையில் புதிதாக இன்னொரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

"உள்ள ஊத்தறது, வெளிய விடறது. சார் ஜிம்ல வேலை பாக்கறாரா, குழாய்ல வேலை பாக்கறாரா?" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, எடை ஏதாவது குறைஞ்சிருக்கா?"

"ரெண்டு மாசத்துல ஏழு கிலோ மேடம்!" பயில்வானின் முகம் மலர்ந்தது. "டயட்டைக்கூட மாத்தல. கொழுப்பைக் கரைக்கிற கட்டிங் தானா நடக்குது."

மேடம் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து 'ஏழு கிலோ' என்று குறித்துக்கொண்டார். அவர் அப்படிக் குறித்துக்கொண்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். ஆனால் பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றதால் அதைக் கேட்பதைத் தள்ளி வைத்தேன்.

கிளினிக்கை அடைந்தபோது பத்து இருபத்தாறு. லிஃப்டில் திட்டம் போட்டோம். நான் நோயாளி மாதிரி வரவேற்பில் பேச்சுக் கொடுப்பது, மேடம் அதற்குள் ஊழியர்கள் போகும் கதவு வழியாக நுழைவது. என் தலை இருக்கும்போது வேடம் எதற்கு?

திட்டத்தின் முதல் பாதி நான் நினைத்ததைவிட நன்றாக நடந்தது. வரவேற்புப் பெண் என்னைக் கண்டதும் கனிந்துபோனாள். "முதல் தடவையா சார்? கூச்சப்படாதீங்க, உக்காருங்க." எங்கிருந்தோ ஓர் இளைஞன் முளைத்து என் நெற்றியில் டேப் வைத்து அளந்தான். "நாலாயிரத்து இருநூறு முடி வேணும் சார். பின்பக்கத்துல அவ்வளவு இல்ல. தாடியிலருந்து எடுக்கலாம்." சுவர் முழுக்க 'முன்பு', 'பின்பு' படங்கள். முன்பில் யாருமே சிரிக்கவில்லை, பின்பில் யாருமே வாயை மூடவில்லை.

இரண்டாம் பாதி நடக்கவே இல்லை, ஏனென்றால் டீச்சர் எங்கள் திட்டத்தில் சேரவில்லை. வகுப்பறை வகுப்பறையாக எட்டிப் பார்க்கும் தலைமை ஆசிரியை மாதிரி நேராக உள்ளே நடந்து ஒவ்வொரு கதவாகத் திறந்தார். யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது கதவுக்குள்ளிருந்து ஒரு குரல் அலறியது.

"நீ எப்படி இங்க வந்தே!"

டேப்பை உதறிவிட்டு ஓடினேன்.

சலூன்காரர் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஊரில் பாதிப் பேர் தலையைச் சீராக்கியவரின் பின்மண்டையை யாரோ ஒட்ட மழித்திருந்தார்கள். நெற்றியில் நீல மை வளைந்து வளைந்து ஓடியது. டாக்டரின் கையில் ஊசி தயாராக இருந்தது.

"அதைக் கீழ வைங்க," என்றார் டீச்சர்.

ஏழாம் வகுப்பில் எந்தப் பையனும் மீறத் துணியாத குரல். டாக்டர் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "யாரும்மா நீங்க? இது ஆபரேஷன் அறை!"

"அவரோட சம்சாரம். இவருக்கு நாலு மாசம் முன்னாடி ஸ்டென்ட் வெச்சிருக்கு. நிறுத்தவே கூடாத மாத்திரையை ஏழு நாளா நிறுத்தியிருக்கார்."

டாக்டரின் முகம் வெளுத்தது. கோப்பைப் புரட்டினார். "முன்பே உள்ள நோய் எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே! ஈசிஜி அவ்வளவு சுத்தமா இருக்கு, விளையாட்டு வீரனோட நெஞ்சு மாதிரி."

"விளையாட்டு வீரனோடதுதான்," என்றேன்.

சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்கள் செய்வது அதுதான், பார்க்காவிட்டால் நடக்காத மாதிரி.

"காலையிலேயே இவரைத் திருப்பி அனுப்பிட்டேன் தெரியுமா?" டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ரத்தத்துல சர்க்கரை கன்னாபின்னான்னு இருந்தது. ஆறுக்குள்ள இருக்க வேண்டிய மூணு மாசச் சராசரியே பதினொண்ணைத் தாண்டிடுச்சு. இந்தச் சர்க்கரைக்குக் கை வெச்சா புண் ஆறாது, வீட்டுக்குப் போங்கன்னேன். இவர் ஒரே சண்டை. எனக்குச் சர்க்கரையே கிடையாது, இப்பவே என் விரல்ல குத்திப் பாருங்கன்னார். குத்தினோம். நூத்தி ரெண்டு. சரி, லேப்ல யாரோடதையோ மாத்தி அனுப்பிட்டாங்கன்னு..."

அத்தனை பொய்யும் சேர்ந்து அந்த மனிதரை வாசலுக்கு வெளியே தள்ளிக் காப்பாற்றியிருக்கிறது. அன்று காலை அவர் காட்டிய ஒரே உண்மை அந்த விரல். அதுதான் அவரை நாற்காலியில் ஏற்றிவிட்டது.

"லேப்ல தப்பு நடக்கல டாக்டர்," என்றார் மேடம்.

அவர் அறைக்குள் யாரையும் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே பார்த்தார். நடைபாதையில் தண்ணீர் இயந்திரத்தின் அடியில் பயில்வான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிரம்பும்வரை பொறுமை இல்லாமல் பாதியிலேயே எடுத்துக் குடித்தார். மறுபடி பிடித்தார்.

டீச்சரும் திரும்பினார். தாகம், பெட்ரோல் பங்க், ஏழு கிலோ. கணக்கு டீச்சருக்குக் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கை தானாக வாய்க்குப் போனது.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார் பயில்வான்.

விரலில் குத்தினார்கள். கருவி ஐந்து நொடி யோசித்தது. நானூற்றுப் பதினெட்டு.

"மிஷின் சரியில்ல," என்றார் பயில்வான். "எனக்கு எப்படி வரும்? நான் சர்க்கரையே சாப்பிட மாட்டேனே." குரல் உடைந்தது. "நான் மத்தவங்களுக்கு உடம்பைப் பத்திச் சொல்லிக் கொடுக்கறவன் சார்."

சலூன்காரர்தான் முதலில் எழுந்தார். மச்சானின் தோளைப் பிடித்து, தான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சர்க்கரை என்னுது இல்ல, என்னுது இல்லன்னு ஒரு மணி நேரமா இவங்களோட மல்லுக்கட்டினேன்டா மச்சான். அப்ப அது யாரோடதுன்னு எனக்கு ஒரு தடவைகூடத் தோணல. உன் ரத்தம்னு தெரிஞ்சும் தோணல." மழித்த மண்டையில் அடித்துக்கொண்டார். "நான்லாம் மனுஷனா?"

பயில்வான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதார். பன்னிரண்டு வருடச் சண்டை அப்படி முடியும் என்று எந்தக் குடும்பத்திலும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் நல்லவர்தான், கொஞ்சம் அவசரக்காரர், அதனால்தான் ஏமாந்தார். இதய டாக்டரைப் போனில் பிடித்து, அவர் சொன்னபடி மாத்திரையைக் கொடுக்கச் சொல்லி, ஆம்புலன்ஸையும் கூப்பிட்டார். டீச்சர் தன் கைப்பையில் வைத்திருந்த புதிய மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்தார். வீட்டுக்காரர் விழுங்கிய பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

நர்ஸ் ஒரு படிவத்தைப் பயில்வானிடம் நீட்டினாள். அவர் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் விழித்தார். "அக்கா, என்ன நோய்னு கேட்டிருக்கு. என்ன எழுதறது?"

"உள்ளதை எழுதுடா. நம்ம வீட்டுல ஒருத்தராவது எழுதட்டும்."

பிறகு டீச்சர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். இவ்வளவு நேரம் தாங்கிய குரல் அப்போதுதான் தளர்ந்தது.

"எதுக்குங்க இதெல்லாம்? யார் கேட்டா உங்ககிட்ட முடி?"

சலூன்காரர் தரையைப் பார்த்தார். "நீதான்."

"நானா?"

"வாய் விட்டுக் கேக்கல. ஆஸ்பத்திரியிலருந்து வந்த நாள்லருந்து ராத்திரி கண் முழிச்சா நீ தூங்காம என்னையே பாத்துக்கிட்டு இருக்கே. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும். காலையில கடைக்குப் போனா நாலு பக்கமும் கண்ணாடி. அதுல செத்துப் பிழைச்ச கிழவன் ஒருத்தன் நிக்கறான். இவனைத்தான் பாத்துப் பாத்து அவ தூக்கம் கெட்டுப் போறா, கட்டினவன் இப்படி ஆயிட்டானேன்னு நொந்துக்கறான்னு நினைச்சேன். பழைய மாதிரி ஆயிட்டா நீ தூங்குவேன்னு..."

டீச்சர் அவரையே பார்த்தார். கண்ணிலிருந்து இறங்கியதைத் துடைக்கவில்லை.

"உங்க தலையையா பாத்தேன்? இருட்டுல உங்க தலை எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சலூன்காரர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பையனைப்போலக் கேட்டார்.

"இப்ப ஏறி இறங்குதா?"

டீச்சர் உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்தார். "ஏறி இறங்குது. வாங்க, போகலாம்."